டோக்கன் போர்டு, புதுப் பூட்டு, பிளேட்லெட் ரிப்போர்ட்

லினக்ஸ் சர்வரில் அப்டேட் போட எல்லோருக்கும் தெரியும். போட்டபின் எதை நிறுத்தி எதை எழுப்புவது என்று விழிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். பட்டவர்களுக்குப் புரியும். பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கோப்புக்கு லைப்ரரி என்று பெயர். அதை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதியதை எடுக்கும்.

எல்லாவற்றுக்கும் சரி

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில், அப்டேட் முடிந்ததும் "எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்யட்டும்?" என்று திரை கேட்டது. கான்வென்ட்டில் கேட்டதற்கெல்லாம் "யெஸ் சிஸ்டர்" சொல்லி வளர்ந்தவள் நான். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வெளியே டோக்கன் போர்டு அணைந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒரு பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டினார்: "ஏத்தா, அடுத்த ஆளு நாந்தேன். இப்ப என்னைய மறுபடி குஜிலியம்பாறைக்குப் போயி பஸ் ஏறி வரச் சொல்றியா?"

எதையும் தொடாதே

அடுத்த முறை பயத்தில் எதையுமே ரீஸ்டார்ட் செய்யவில்லை. லேப் ரிப்போர்ட்டை வார்டுகளுக்கு அனுப்பும் புரோகிராம், பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய லைப்ரரியோடு பல நாள் ஓடியது. கண்டுபிடித்தவர் எனக்கு மேலே இருக்கும் கலா அக்கா. திட்டவில்லை, சிரித்தார்: "பூட்டு செய்யிற ஊர்ல இருந்துக்கிட்டு, புதுப் பூட்டை அலமாரியில வச்சிட்டுப் பழசைக் கதவுல தொங்க விட்டிருக்கியேடி!"

டூட்டி மாறும் நேரம்

என் மகள் டெங்கு வந்து அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிளேட்லெட் இன்னும் இறங்கினால் மதுரைக்குக் கொண்டுபோகணும் என்றிருந்தார் டாக்டர். அன்றைக்குப் பார்த்து ஓர் அவசர அப்டேட். கலா அக்கா ஊரில் இல்லை. கட்டிலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஸ்டெல்லாதான் வழி சொன்னார்: "ரெண்டு மணிக்கு டூட்டி மாறுவோம். ஒவ்வொரு பிள்ளையா நேர்ல காட்டித்தான் ஒப்படைப்போம். அப்ப கம்ப்யூட்டரை யாரும் தொட மாட்டோம், நிறுத்திக்கோங்க."

இரண்டு மணிக்கு அப்டேட்டைப் போட்டு நிறுத்தினேன். லேப் புரோகிராம் எழவே இல்லை. அதற்குப் பழைய லைப்ரரி வேண்டியிருந்தது. அப்டேட் அதைத் தூக்கியெறிந்திருந்தது. மகளின் ரிப்போர்ட் கீழே லேபில், நான் மேலே. கை தானாகச் சிலுவை போட்டது. டூட்டி முடிந்த ஸ்டெல்லா, தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்துவிட்டு மாடியிறங்கி ஓடினார். எல்லாப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டையும் கையால் எழுதிக்கொண்டு, மூச்சு வாங்க என்னிடம்தான் முதலில் வந்தார்: "பாப்பாவுக்குக் கூடியிருக்கு, மதுரைக்கெல்லாம் போக வேணாம். அழுகாம உங்க வேலையைப் பாருங்க. அது எந்திரிக்கிற வரைக்கும் நான் ஏறி எறங்குறேன்."

பழைய லைப்ரரியையும் புதியதன் பக்கத்திலேயே போட்டேன், எழுந்துகொண்டது. "சரியாயிருச்சு, வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் போகவில்லை. அடுத்த ரிப்போர்ட் திரையில் வரும்வரை நின்று, டூட்டிக்கு வந்த பெண்ணைக் கேட்டார்: "நீ கண்ணால பாத்தியா? அப்பச் சரி, நான் வாரேன்."

மகள் குணமாகி வீட்டுக்கு வந்து, இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இதை எழுதும் நான், இப்போதெல்லாம் எதை நிறுத்துமுன்னும் பேக்கப் இருக்கிறதா என்று ஒரு தடவையும், ஸ்டெல்லா டூட்டியில் இருக்கிறாரா என்று இரண்டு தடவையும் பார்த்துக்கொள்கிறேன்.