நான் காணேல்லை

சந்திரவதனா அக்காவும் நானும் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்து லோண்ட்ரியில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். தன் மகள் இரண்டு தரம் வாசித்துச் சொல்லாமல் அக்கா எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கமாட்டார். பார்சல் கொண்டு வருகிறவனைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். சூடு கண்ட பூனை. கொழும்பில் பொலிஸ் நீட்டிய சிங்களக் கடதாசியில், வாசிக்கத் தெரியாமல், அவருடைய தம்பி வினோதன் கையெழுத்து வைத்தான். அது குற்ற ஒப்புதல். நாலு வருடம் மறியலில் அடைத்து வைத்தார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கிளடிசைக் கறுப்பி என்று ஏசிக்கொண்டு கைத்தடியை ஓங்கினார். கிளடிஸ் எங்களோடு வேலை செய்யும் ஜமேய்க்கா மனுசி. தடியைப் பிடித்துத் தடுத்தாள், அவ்வளவுதான். கிழவரின் மகளோ அவள் அடித்துவிட்டதாக முறையிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தது அக்கா மட்டும்தான். மனேஜர் சாட்சிப் படிவத்தை நீட்டி, இப்பவே வேண்டும் என்றார். தான் ஒன்றும் காணவில்லை என்றுவிட்டார் அக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏனக்கா, கண்ணுக்கு முன்னால நடந்ததெல்லே?”

“கையெழுத்தெல்லே கேட்டவர், கஜனி. பயந்துபோனன்.”

அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வந்தோம். அக்கா தானாகவே சொன்னார்.

“குற்றம் நடந்ததெண்டு பொலிஸ் சொன்ன அண்டைக்கு வினோதன் முழுக்க வீட்டிலதான் நிண்டவன். பக்கத்து வீட்டு அன்ரி கண்டவ. பொலிசிட்டத் தான் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டா. முப்பது வருசமா அவவைத் திட்டுறன். இப்ப நானும் அவதான்.”

அடுத்த நாள் விடிந்ததும் மனேஜரிடம் போய் எல்லாம் சொன்னார். மகளைக் கேட்காமல் கையெழுத்தும் வைத்தார். மனேஜர் சலிப்போடு, “நேற்றுச் சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?” என்று கேட்டார். நேற்றையதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கிளடிசின் வேலை போனது. கிழவர் அவளை என்ன சொல்லி ஏசினார் என்று ஒருவரும் கேட்கவேயில்லை. இந்த நாட்டில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கிளடிஸ் லொக்கரைக் காலி செய்யும்போது அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளடிஸ் கோபிக்கவில்லை. களைத்துப்போயிருந்தாள். அவளுடைய தாய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் இந்த நகரத்துக்கு வீட்டுவேலைக்கு வந்தவளாம். செய்யாத களவைச் சொல்லித் துரத்திவிட்டார்களாம். உண்மை தெரிந்த சமையல்காரி ஒருத்தி அதே வீட்டில் இருந்தாளாம்.

“அவளும் அடுத்த நாள்தான் வந்து அழுதாள்” என்றாள் கிளடிஸ்.