மாடி அறையில் ஒரு வாரம்

பேருந்து நேர அட்டவணை போடுவதிலேயே முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவருக்கு அலுவலகத்தில் டைம்டேபிள் என்றே பெயர். எந்தப் புதுத் தடத்தையும் ஒரு வாரம் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கடைசிக் காலத்தை வெளிநாட்டில் மகளோடு கழிப்பது என்று பேச்சு வந்தபோதும், முதலில் மூன்று மாதம் தங்கிப் பார்ப்போம் என்றார். அதற்கும் ஒத்திகை வைத்தார். தங்கள் வீட்டிலேயே காலியாகக் கிடந்த மாடி அறையில், இரண்டே பெட்டிகளோடு அவரும் மனைவியும் ஒரு வாரம் இருக்க வேண்டும்.

"கீழ போகணும்னா விசா வேணுமா?" என்று மனைவி சிரித்தாள்.

முதல் நாள் காலையில் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். புது இடம், கேட்பாள்தான் என்று நினைத்தார். மூன்றாம் நாளும் கேட்டாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் பெட்டியைப் பூட்டிவைத்துக்கொண்டு, "போதுங்க, நம்ம வீட்டுக்குப் போலாம். இவங்களுக்கு எவ்வளவு நாள் தொந்தரவு கொடுக்கிறது?" என்றாள்.

கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார். இருட்டில் தடவாமலே விளக்கைப் போட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள். இத்தனை நாளும் ஞாபகம் அல்ல, பழக்கம்தான் அவளை நடத்திக்கொண்டு வந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் போன் செய்தாள். "டிக்கெட் போட்டாச்சாப்பா?"

"இல்லம்மா, நாங்க வரல. நீ வா. அம்மா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறப்பவே வந்துடு."