சாக்குத் தையல் போட்ட கோழி

போன வாரம் ஏற்காடு டவுனில், ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கடை வாசலில் சணல் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப் போவதற்கு. பூப்போட்ட பை, யானைப் படம் போட்ட பை, மூங்கில் பிடி வைத்த பை. நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தவன், சும்மா ஒரு பையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். புதுச் சணலுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் காய்ந்த புல்லும் கலந்த மாதிரி. கடைக்காரப் பெண், “வேணுங்களா அண்ணா?” என்று கேட்டதும் பையை மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு ஆம்பளை கடைவாசலில் நின்று பையை மோந்து பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆனால் அந்த வாடை என்னை விடவில்லை. பஸ் நாகலூர் வரும்வரை மூக்கிலேயே இருந்தது.

எனக்கு அந்த வாடை என்றால் காப்பிக் களம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாகலூர்ப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் மூட்டை தைக்கிற வேலை கிடைத்தது. களத்தில் காய்ந்த காப்பியைச் சாக்கில் நிரப்புவார்கள். வாயைச் சேர்த்துப் பிடித்து, கோணி ஊசியில் சணலைக் கோத்து, குத்தி இழுத்து, குத்தி இழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வசதியாகக் காது விட்டு முடிய வேண்டும். நான் தைத்த மூட்டையை லாரியிலிருந்து கீழே எறிந்தாலும் ஒரு கொட்டை சிந்தாது. அதிகம் பேச்சு வராத எனக்கு அந்த வேலை நன்றாகப் பொருந்தியது. மூட்டை நம்மிடம் கேள்வி கேட்காது பாருங்கள்.

கல்யாணமும் அங்கே இருக்கும்போதுதான் நடந்தது. பெண்ணுக்கு ஊர் மாரமங்கலம். அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டின் ஒற்றை அறையில் இரண்டு பேரும் சோற்றுப் பானையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். “உப்பு போதுமுங்களா?” என்பாள். “போதும்” என்பேன். அன்றைக்கு அவ்வளவுதான். எங்களைவிட அதிகம் பேசியது அவள் கூடவே வந்த கோழிதான்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணை அனுப்பும்போது கூடவே முட்டைக்கு வருகிற பருவத்தில் ஒரு கோழியையும் அனுப்புவார்கள். அது புது வீட்டில் அடைகாத்துக் குஞ்சு பொரித்ததும், முதல் ஈட்டில் ஒரு பெட்டைக் குஞ்சு தாய் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். குஞ்சு வந்து சேர்ந்தால் மகள் அங்கே நன்றாகப் பிழைக்கிறாள் என்று தாய் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். எங்களுடன் வந்தது சாம்பல் நிறக் கோழி. கழுத்தில் மட்டும் செம்பட்டை.

முட்டை வைக்கிற நேரம் வந்ததும் கூடையில் போட வைக்கோல் கேட்டாள். “எங்க ஊட்டுல ராகி வைக்கோலுதானுங்க போடுவாங்க” என்றாள். அது அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சுகளில் ஒன்று. எனக்கோ, மாமனார் வீட்டு வைக்கோலைவிட ஒசத்தியாக ஏதாவது போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கேட்டு, கிழிந்த ஒரு புதுச் சாக்கை வாங்கிவந்து, நாலாக மடித்துக் கூடையில் விரித்தேன். ஊரில் எந்தக் கோழிக்கும் அப்படி ஒரு மெத்தை இருந்திருக்காது. அவள் கோழியைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கோழி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. சிறகு தொங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே, தின்ற இரை முதலில் போய்ச் சேருகிற பை இருக்கிறதே, எரப்பை என்போம், அது பந்து மாதிரி உப்பிக் கிடந்தது. ராத்திரி நிறைந்திருக்கிற எரப்பை விடிந்தால் வற்றியிருக்க வேண்டும். இது விடிந்தும் கல்லு. அலகைத் திறந்தால் புளித்துப்போன கஞ்சி வாடை குப்பென்று அடித்தது.

அடுத்த வீட்டுப் பாப்பாத்தியக்கா அமுக்கிப் பார்த்துவிட்டு, “எரப்பை கட்டிக்கிச்சு கண்ணு. தீனி கீழ எறங்கல. வெளக்கெண்ணெய ஊத்தி நீவி விடு” என்றார். ஊற்றினோம். என் மனைவி மடியில் வைத்துக்கொண்டு நீவு நீவு என்று நீவினாள். சீரகத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு நாளாகியும் பந்து இளகவில்லை. கோழி எடையில்லாமல் போய்விட்டது. லைனில் இருந்த ஆம்பளைகளுக்கு வேறு கவலை.

“ஏனுங்க மாப்ள, கொழம்பு எப்போ?”

“சாகறதுக்கு முன்னாடி அறுத்துப்போடுங்க. செத்துட்டா வீணாப் போயிரும்.”

மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “அறுக்கறதா இருந்தா, நான் எங்க ஊட்டுக்குப் போயிக்கறேனுங்க. அப்புறமா அறுங்க.”

போயிட்டு வர்றேன் என்று அவள் சொல்லவில்லை. போயிக்கறேன் என்றாள். களம் வரைக்கும் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு நடந்தேன். அந்தக் கோழி போனால் என் வீடு மறுபடி ஒற்றை ஆள் வீடாகிவிடும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வாழ்க்கையில் முதல்தடவையாக லீவு கேட்டேன். ரைட்டர் சேலத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். அறுவடை நேரம் வேறு. களத்தில் முப்பது நாற்பது பேர்.

“லீவா? என்னப்பா விஷயம்?”

“ஊட்டுல ஒடம்பு சரியில்லீங்க.”

“சம்சாரத்துக்கா?”

“இல்லீங்க.”

“பின்ன யாருக்கு? நீங்க ரெண்டு பேருதானே?”

“கோழிக்குங்க.”

அவ்வளவுதான். வெயிலில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். என் காது இரண்டும் எரிந்தது. என்ன வியாதி என்று ரைட்டர் கேட்டார். எரப்பை மூட்டையாட்டம் இறுகிக் கெடக்குதுங்க என்றேன். “மூட்டையா? அப்ப நீ எதுக்குய்யா இருக்கற? பிரிச்சுக் கொட்டிட்டுத் திரும்பத் தச்சுப்போடு. அரை நாள் எடுத்துக்க, போ!” என்றார். மறுபடி ஒரே சிரிப்பு.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏன் கூடாது?

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். புது பிளேடு, அவள் ரவிக்கைக்கு ஊக்குத் தைக்கிற சின்ன ஊசி, வெள்ளை நூல் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்தோம். தனியாகக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றினோம். வாசலில் நல்ல வெயில். கோழியைத் துண்டில் சுற்றி, தலையை மூடி, மடியில் இடுக்கிக்கொண்டாள். நான் எரப்பை மேலிருந்த இறகைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை வைத்தேன்.

“கையி ஆடுதுங்க” என்றாள்.

“தெரியுது.”

“கோழியே ஆடல. நீங்க ஏனுங்க ஆடறீங்க?”

அந்தப் பேச்சில் கை நின்றுவிட்டது. தோலில் ஒரு விரற்கடை நீளம் கீறினேன். அடியில் இருந்த பையிலும் அதேபோல. ரத்தம் அதிகமில்லை. புளித்த கூழ் வழிந்தது. அதற்குள் ஏதோ நுனி தெரிந்தது. பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. திரிதிரியாக, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு. சணல். ஒரு முழத்துக்குக் குறையாது. மடித்துப் போட்ட மெத்தையைக் கோழி இழை இழையாக உருவித் தின்றிருக்கிறது.

“நான் போட்ட சாக்குதான் புள்ள” என்றேன்.

“தெரியுமுங்க. அது மூலையில ஒடுங்கின அன்னிக்கே தெரியும்” என்றாள். “கூடையில இழை இழையா எந்திரிச்சு நின்னுச்சே. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு சாக்க மட்டும் எடுத்துப்போட்டுட்டேன்.”

உப்புத் தண்ணீர் விட்டுப் பையைக் கழுவினேன். பிறகு தைத்தேன். இதில்தான் என் திறமையைக் காட்டினேன் என்று நினைத்தேன். மூட்டை வாய் மாதிரியே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, குத்தி இழுத்து, நாலு தையல். கோணலில்லாத தையல். பழக்க தோஷத்தில் ஓரத்தில் காதுகூட விட்டிருந்தேன்! அவள் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, உள்ள இருக்கறது பை. வெளிய இருக்கறது தோலு. ரெண்டையும் ஒண்ணாத் தச்சிருக்கீங்க?”

“ஆமா.”

“தலகாணியையும் ஒறையையும் ஒண்ணாச் சேத்தாத் தைப்பாங்க? நாளைக்கு அது கழுத்த நீட்டினா ரெண்டும் சேந்து இழுத்துப் பிஞ்சு போவாதுங்களா?”

பதினைந்து வருஷமாகச் சாக்குத் தைத்த எனக்கு அது தோன்றவேயில்லை. சாக்குக்கு உறை கிடையாதே. தையலைப் பிரித்தேன். கோழி ஒரு தடவை முனகியது. முதலில் பையை மட்டும் நெருக்கமாக ஏழு தையல். பிறகு தோலைத் தனியாக ஐந்து. மேலே மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். காது விடவில்லை.

அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும். மறுநாள் ராகிக் கூழை மோர் மாதிரி கரைத்து, சங்கில் சொட்டுச் சொட்டாக. மூன்று நாள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காவலிருந்தோம். நாலாம் நாள் விடியும்போது அவள் என்னை உலுக்கி எழுப்பினாள். “தொட்டுப் பாருங்க!” தொட்டேன். எரப்பை வற்றி, துணி மாதிரி மெத்தென்று இருந்தது. பக்கத்தில் நன்றாக இறுகின எச்சம், நுனியில் வெள்ளையோடு. நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் அந்த எச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தோம். வெள்ளி நாணயம் கிடந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டோம். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

கோழி பிறகு பதினொரு முட்டை வைத்து ஒன்பது குஞ்சு இறக்கியது. வைக்கோல் கூடையில்தான். ஒரு பெட்டைக் குஞ்சைக் கூடையில் வைத்து மூடி மாரமங்கலத்துக்கு நான்தான் நடந்து கொண்டுபோனேன். மாமியார் குஞ்சைப் பார்க்கவில்லை, என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோழிக்குத் தையல் போட்ட செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது.

அதற்குப் பிறகு லைனில் யார் கோழிக்கு எரப்பை கட்டினாலும் என்னிடம்தான் வந்தார்கள். குழம்பு கேட்ட அதே ஆம்பளைகள், “மாப்ள, கொஞ்சம் பாருங்க” என்று கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். குப்பனூரிலிருந்துகூட ஒருத்தர் பஸ் ஏறி வந்தார். எல்லாம் பிழைத்தது என்று சொன்னால் பொய். பிழைத்தது நிறைய. ரைட்டரே ஒரு சேவலைத் தூக்கிவந்தபோது நான் ஊசியைத் தேடப் போனேன். என் மனைவிதான், “லீவு போட்டுட்டு வந்தீங்களாங்க?” என்று கேட்டுவிட்டாள்.

ஆமாம், அவள் பேச ஆரம்பித்திருந்தாள். குழாயடியில் குடம் நிறைகிறவரை அந்தக் கதைதான். “எங்க ஊட்டுக்காரரு கையி இருக்குதே...” என்று தொடங்குவாள். ஒரு முழச் சணல் அவள் வாயில் நாலு முழமாகும். ஏழு தையல் இருபதாகும். பெண்கள் தெரிந்த கதையையே புதுசாகக் கேட்கிற மாதிரி வாயில் கைவைத்துக் கேட்பார்கள். நான் அந்தப் பக்கம் வர நேர்ந்தால், வெட்கத்தில் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து சுற்றிப் போய்விடுவேன்.

லைன் வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றுக்குக் கூரையே இல்லை. பாப்பாத்தியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர்கள் திருப்பூர், சேலம் என்று பிள்ளைகளோடு போய்விட்டார்கள். நாகலூரில் அவளும் நானும்தான் மிச்சம். இன்றைக்கு அவள் அந்தக் கதையை எடுத்தால் நான் எங்கேயும் ஓடமாட்டேன். சணல் பத்து முழம் என்றாலும் பக்கத்தில் நின்று ஆமாம் என்பேன். கேட்பதற்குத்தான் அந்தக் குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை.