அக்காவுக்கு எழுதிய வாழ்த்துப்பா

அறுபதுகளில் எங்கள் காஞ்சிபுரத்தில் வாழ்த்துப்பா இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்துவிட்டால், சாம்பாரில் உப்பில்லை என்பதுபோல ஜனங்கள் குறை பேசுவார்கள். ரோஸ் தாளில் அச்சடித்து, தாலி ஏறியதும் மைக்கில் ராகம் போட்டுப் படித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுத்து, ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாப்பிள்ளை கையில் திணிக்க வேண்டும். பாட்டில் மாப்பிள்ளை சூரியன், பெண் நிலா. மாப்பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் என்ன, பெண்ணுக்குப் பல் எடுப்பாக இருந்தால் என்ன, புலவர் அதையெல்லாம் பார்க்க மாட்டார். பழைய பாட்டில் பெயரை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. ஒருமுறை அதைக்கூட மாற்ற மறந்துவிட்டார்கள். வேறு எவன் பெண்டாட்டியையோ வாழ்த்திவிட்டுப் பந்திக்குப் போனோம்.

இத்தனை நிலாக்களையும் உற்பத்தி செய்த இடத்துக்குப் புலவர் வகுப்பு என்று பெயர். நானும் அங்கே இரண்டு வருஷம் போனேன். முப்பத்தைந்து அணிகள். ஐயா இலக்கணம் சொல்வார், நாங்கள் ஒப்பிப்போம். ஒரு செய்யுள் என்ன சொல்கிறது என்று எவனும் கேட்கக் கூடாது, அது என்ன அணி என்று சொன்னால் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அழுகிற பாட்டு வந்தது. அவளுக்காக ஆறும் அழுவதாகக் கவி பாடியிருந்தான். "தற்குறிப்பேற்ற அணி!" என்று கத்தினேன். "பலே" என்றார் ஐயா. அந்தத் தாய் அழுததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் மேலே சீட்டு ஒட்டுகிற வேலை அது. அதற்கா இரண்டு வருஷம்!

மனப்பாடமெல்லாம் வீட்டில். நான் படிக்க வேண்டுமென்று அக்கா விடிந்ததிலிருந்து தறியில் உட்கார்ந்து நெய்வாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் புத்தகமும் கையுமாக நடந்துகொண்டே, தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவேன். அக்காவுக்குச் சிறு வயதில் பெரியம்மை போட்டு, முகமெங்கும் தழும்பு. பெண் பார்க்க வந்த ஐந்து குடும்பமும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போயின. ஆறாவதாக வந்த சின்ன காஞ்சிபுரத்து நெசவுக்காரர் மட்டும் சம்மதம் சொன்னார். கல்யாணத்துக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"அன்னிக்கு ஒரு நாளு என் மூஞ்சிப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதும்மா" என்று அம்மாவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வாழ்த்துப்பா எழுதப் புலவன் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே போவானேன்? நானே எழுதினேன். வேற்றுமை அணியில் எனக்கு அப்போது ஒரு பித்து. இரண்டு பொருளை முதலில் ஒப்பிட்டு, பிறகு ஒன்றைவிட இன்னொன்று உசத்தி என்று காட்ட வேண்டும். நிலாவும் அக்கா முகமும் ஒன்று என்று தொடங்கினேன். நிலாவில்கூடக் கறை உண்டு, எங்கள் அக்காவின் முகத்திலோ ஒரு புள்ளியும் இல்லை என்று முடித்தேன். ஐயாவிடம் காட்டினேன். அவர் விரல் மடக்கிச் சீரை எண்ணிப் பார்த்து, "தளை தட்டல, அணி அம்சமா உக்காந்திருக்குது. ஓர் எழுத்தையும் மாத்தாதே" என்றார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா கையால் காபி வாங்கிக் குடித்தவர் அவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் இருவரும் அதை நறுக்கிக் கறியே வைத்துவிட்டோம்.

தாலி ஏறியது. மைக்கைப் பிடித்து ராகமாகப் படித்தேன். அந்த அடி வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு புறப்பட்டது, பிறகு கூடமே சிரித்தது. என் பாட்டை ரசிக்கிறார்கள் என்று நினைத்து, அதே அடியை இன்னொரு தடவை படித்தேன்! மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். முன்வரிசையில் இருந்து அவர் கையைத் தட்டினார்.

"பேஷ்பா! வஞ்சப் புகழ்ச்சி அணி. புகழ்ற மாரி பழிச்சிக்கினு இருக்கான் பாரு. சொந்த அக்காளை எவன் இப்படிப் பாடுவான்?"

அந்த மனுஷனும் என்ன அணி என்றுதான் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணையில் அக்கா தலையைக் குனிந்திருந்தாள். கழுத்து மாலை மட்டும் லேசாக ஆடியது. அவளுடைய மாமியார் பக்கத்து அம்மாளிடம் ஏதோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். ஒரே ஒரு நாள் கேட்டாள். அதையும் நான் மைக் வைத்துக் கெடுத்தேன். அன்று பந்தியில் என்னால் உட்கார முடியவில்லை.

அக்கா வீடு நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் ஆடி மாசம் அவளை அழைத்துவரப் போகும்வரை அந்தப் பக்கம் எனக்குக் கால் எழவில்லை. போனால், சட்டம் போட்ட வாழ்த்துப்பா அவள் தறிக்கு எதிர்ச்சுவரிலேயே தொங்கியது. நெசவிலிருந்து தலை நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும், எறங்குடா. எங்க மாமியா ஆசையா மாட்டினது" என்றாள் அக்கா. "வேற்றுமை அணிதானே அது? ரெண்டு வருசம் என் முதுகாண்ட நின்னுக்கினு கத்தினியே, எனக்கும் மனப்பாடம் ஆயிடுச்சி."

சட்டத்தில் வைத்த கையை எடுத்தேன்.

"இழை அறுந்தா நாங்க கண்ணால பாத்து முடி போட்டப்புறம்தான் குறுக்கால நாடாவைத் தள்ளுவோம். நீ நெலாவுல கறை இருக்குதுன்னு பாத்துட்டுதான் எழுதினே. என்னைத்தான் பாக்கலை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குக் கிளம்பத் தலையைப் பின்ன உட்கார்ந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் எதிரில் நின்றேன். இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு. அந்த இடத்தில் முடி முளைக்காமல், புருவம் இரண்டு துண்டாக இருந்தது. இருபது வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவன், அன்றுதான் அதைப் பார்த்தேன்.