பெஞ்சுகளுக்குப் பின்னால் மாட்டிய படங்கள்

என் அப்பாவைப் பெஞ்சு செய்தவர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் ஓவியன்" என்பார். எண்பத்தேழு வயதிலும் அதைச் சொல்வதற்காகவே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வந்தவர் பாவம், தானும் எழுந்துவிடுவார்.

ஆங் மோ கியோவில் எங்களுடையது மூவறை வீடு. படுக்கையறை இரண்டு. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில் அப்பாவின் படங்கள். நான் ஹாலில். கல்யாணமாகிப் போகும்வரை டிவிக்கு முன்னால் மெத்தையை விரித்துத்தான் படுத்தேன். படங்களுக்கு ஈரக்காற்று ஆகாது என்பதால் அந்த அறையின் ஜன்னலைத் திறக்க விடமாட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஹால் ஆகுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அம்மா மட்டும் வாரம் ஒருமுறை உள்ளே போய் மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டுவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வருவார். அந்தப் படங்கள் மீது எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் பெஞ்சு செய்ய வந்த கதையை அவர் வாயால் கேட்டால் ஏதோ ஜெயிலுக்குப் போன கதை மாதிரி இருக்கும். அறுபதுகளில் தேக்கா பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறை இருந்தது. அதன் முதலாளி விலைப்பட்டியலில் போட மேசை நாற்காலிகளைப் படமாக வரைந்து தரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு அங்கிருந்த பெஞ்சைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தடித்தடியாகக் கால்கள், பெட்டி மாதிரி ஓர் உட்காரும் பலகை. கண்ணில் கண்டதை அப்படியே வரைய மனம் வராமல் கால்களை ஒல்லியாக்கி, கொஞ்சம் சாய்த்து, பலகையை ஒடுக்கமான சட்டங்களாகப் பிரித்து, விளிம்பைச் சீவிவிட்டு வரைந்தார். வந்தவர்கள் எல்லாரும் படத்தில் இருந்த பெஞ்சைத்தான் கேட்டார்கள். நீ வரைந்த வினை, நீயே செய்து கொடு என்று முதலாளி அவரைத் தச்சர்களோடு உட்கார வைத்துவிட்டார். ஆறு மாதம் என்று நினைத்துப் போனவர் பட்டறை மூடும்வரை அங்கேயே இருந்தார். நான் பிறந்தது அதற்கு ஒரு காரணம் என்பதை அவர் என்னிடம் ஒளித்ததில்லை.

அவருடைய பெஞ்சு ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். அப்பாவின் பெஞ்சில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது தோ பாயோவில் ஒரு கிளினிக்கில். எனக்கு ஏழு வயது இருக்கும், நல்ல காய்ச்சல். எங்கள் முறை வர நேரமானது. அம்மா என் காதோடு, "உங்கப்பா செஞ்சதுதான், படுத்துக்க" என்றார். கட்டை உறுத்தும் என்று நினைத்தேன். உறுத்தவில்லை. சட்டங்களுக்கு நடுவே காற்று வந்தது, விளிம்பு தொடையை அறுக்கவில்லை. டாக்டர் கூப்பிட்டபோது அம்மா என்னை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் அன்று இரவு என்னோடு பேசவில்லை.

அம்மா போன பிறகு நான்தான் அந்த வீட்டுக்கு வந்து அப்பாவோடு இருக்கிறேன். இப்போதும் ஹாலில்தான் படுக்கிறேன். போன வருடம் ஒரு பெண் அங்கே இங்கே விசாரித்து அப்பாவைத் தேடி வந்தாள். தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள். தேக்காவில் ஒரு சந்துக்குள்ளே பழைய கடைவீட்டின் மாடியில் அந்தக் காலத்து மரச்சாமான்கள் விற்கிறாள். தோ பாயோ டாக்டர் கிளினிக்கை மூடியபோது அவருடைய மகன் பெஞ்சுகளையெல்லாம் இவளிடம் கொடுத்து, யாரோ ஒரு தமிழ் ஓவியர் செய்தது என்று சொல்லியிருக்கிறார். வேறு இரண்டு இடங்களிலிருந்தும் அதே மாதிரி வாங்கி வைத்திருந்தாள். பெஞ்சின் அடியில் பெயரோ முத்திரையோ இல்லை. அப்பா படங்களில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார். ஆகவே இது நான் செய்தது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் பெயரிலேயே கண்காட்சி வைப்பதாகச் சொன்னாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனிதரை ஒருவர் தேடி வந்துவிட்டார் என்று உள்ளுக்குள் துள்ளினேன். டாக்ஸி பிடித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வரிசையாக ஆறேழு பெஞ்சுகள், எண்ணெய் பூசித் துடைத்து, பளபளவென்று. அப்பா ஒன்றன் அருகே போய்க் குனிந்தார். கட்டைவிரலைப் பலகைக்கு அடியில் விட்டு, கால் வந்து சேருகிற இடத்தை மெதுவாகத் தடவினார். பிறந்த குழந்தையின் உச்சந்தலையைத் தொடுகிற மாதிரி தொட்டார். பிறகு நிமிர்ந்து, "இது நான் செஞ்சதில்ல" என்றார்.

திரும்பி வருகிற வழியில் டாக்ஸிக்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். ஊரே தூக்கிக் கொண்டாட வரும்போது இப்படியா வாயில் மண்ணைப் போடுவது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வீடு நெருங்கும்போது, "வந்தாளே, படம் ஏதாச்சும் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாளா?" என்றார். 

மறுநாள் அவரே என்னைப் போன் போடச் சொன்னார். என் படங்களையும் மாட்டினால் பெஞ்சு என்னுடையது என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் கிடையாது என்று போனை வாங்கி அவளிடம் சொன்னார். அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கண்டிப்பா அங்கிள், நோ ப்ராப்ளம் லா" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த சில வாரங்கள் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. அறைக் கதவைத் திறந்து படங்களை ஹாலில் பரப்பி வைத்தார். நான் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். எது முதலில், எதற்குப் பக்கத்தில் எது என்று மாற்றி மாற்றி அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு யோசித்து, நடுங்குகிற கையால் அட்டையில் எழுதினார். சிராங்கூன் சாலையில் புதுச் சட்டை எடுத்தோம். காலர் விறைப்பாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் நாலு தரம் கேட்டார். அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருப்பார், கொஞ்சம் அழுதுமிருப்பார்.

கண்காட்சி அன்று நல்ல கூட்டம். பெஞ்சுகள் நடுவில், ஒவ்வொன்றின் மேலும் தனி விளக்கு. பக்கத்தில் நீளமாக எழுதி வைத்திருந்தார்கள். கால் சாய்வில் ஓவியனின் கண் தெரிகிறதாம், சட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஓவியனின் மௌனம் தெரிகிறதாம். ஓவியனின் ஓவியம் சுவரில் இருந்தது. அதற்கு விளக்கு இல்லை. அப்பா எழுதிக் கொடுத்த அட்டைகள் எங்கே என்று கேட்டேன். "எழுத்து ரொம்ப இருந்தா கசகசன்னு தெரியும் அக்கா, அதான்" என்றாள் அந்தப் பெண். அவளைத் திட்டவும் முடியவில்லை. மாட்டச் சொன்னோம், மாட்டியிருந்தாள்.

வந்தவர்கள் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், குனிந்து அடியில் பார்த்தார்கள், உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களிலெல்லாம் பின்னணியில் அப்பாவின் ஓவியம் கலங்கலாக விழுந்திருக்கும். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுவரோரமாகவே நின்றார். யாராவது சுவரைப் பார்த்தால் பேசலாம் என்று காத்திருந்தார். அவரைப் பாராட்ட வந்தவர்கள் கையைக் குலுக்கி, என்ன மரம், ஏன் முதுகுப் பலகை வைக்கவில்லை என்று கேட்டார்கள். தேக்கு என்றார். சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். நீளமான பெஞ்சை ஒரு கணவனும் மனைவியும் வாங்கிவிட்டார்கள். கிளினிக்கில் இருந்த பெஞ்சு அது. "அங்கிள், பெஞ்சோட பின்னாடி இருக்கற படத்தையும் சேத்துக் கேக்குறாங்க. அவங்க வீட்டு சோபாவுக்கு மேட்ச் ஆகுதாம். காசு தனியா வேணாம்னு சொல்லிடவா?"

நான் அவளைத் திட்டப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எந்தப் படம்?" என்று கேட்டார்.

அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பச்சைக் கலர்" என்றாள்.

காலாங் ஆற்றில் தோணிகள் நிற்கிற படம் அது. அதற்குத் தலைப்பு யோசிக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. "எடுத்துக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கூட்டம் குறையத் தொடங்கியது. எனக்குக் கால் கடுத்துப்போய், விற்றுப்போன அந்தப் பெஞ்சிலேயே வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா எனக்குப் பின்னால் தோணிப் படத்துக்கு முன் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"நீ சொல்லு. எம் படமெல்லாம் நல்லா இருக்கா?"

நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்காத கேள்வி. "நல்லா இருக்குப்பா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"திரும்பிப் பாத்துட்டுச் சொல்லும்மா."

முதுகுப் பலகை இல்லாத பெஞ்சுதான், காலை அந்தப் பக்கம் எடுத்துப் போட்டால் போதும். திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர், இரண்டு தோணி, மேலே கொஞ்சம் மஞ்சள். எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுகமாக இருந்தது. அப்பா படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மறுபடி கேட்கவில்லை.