வெள்ளைக் குட்டிக்குப் பார்த்த பொருத்தம்

எங்கள் வீட்டுக்கு இரண்டாவது நாய் வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் மற்றவர்கள் மேல்தான் பழி சொல்லப் போகிறேன்.

முப்பதுகளில் நான் திருச்சியில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. பாலக்கரையில் மாதா கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நானும் மனைவியும்தான், பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாய் இருந்தது. கோம்பை ஜாதி, பெட்டை, ஆறு வயது. செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி. அந்த ஜாதி நாயைக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூட்டிப் போவார்களாம். எங்களுடையது கரண்டி கீழே விழுந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோயில் மணிக்கு நடுங்கும், எஞ்சின் ஊதினால் நடுங்கும், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்து அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று அதிர்வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டுக்கே சுவரைத் தாண்டி ஓடிவிட்டது. மூன்று நாள் தேடினோம். கடைசியில் காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டோரம், ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் கிடந்தது. உள்ளங்கால் எல்லாம் தேய்ந்து ரத்தம். தண்டவாளத்தை எப்படித் தாண்டிப் போயிற்றோ தெரியாது. அடுத்த திருவிழாவிலும் ஓடும், அந்த முறை உயிரோடு கிடைக்காது என்று என் மனைவி தினமும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சத்தத்துக்கு அஞ்சாத இன்னொரு நாய் பக்கத்தில் இருந்தால், அதைப் பார்த்து இதற்கும் பயம் தெளியும். என்ன ஜாதி வாங்கலாம் என்று கேட்க நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. என் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஒருவர் இருந்தார். பதினொரு வருஷச் சிநேகம். மத்தியானச் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். தெற்கே ராஜபாளையம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக் கொல்லையில் எப்போதும் நாலைந்து நாய் இருக்கும். நாய் விஷயம் என்றால் ஆபீஸில் துரைமார்கூட அவரைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்ததும் அவர் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்தார். சுவர் எவ்வளவு உயரம், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சோறு வைப்பது யார் என்று கேள்விமேல் கேள்வி. பிறகு ஒரு மணி நேரம் எங்கள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி டம்ளரை வேண்டுமென்றே தரையில் உருட்டினார். அது சட்டென்று எழுந்து டம்ளரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, அப்புறம் கட்டிலுக்கடியில் புகுந்தது.

"ஒரு சத்தத்தைக்கூட விடமாட்டேங்கிறா பாருங்க" என்றார். நோயைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் வருத்தமாகத் தலையாட்டினேன்.

எனக்குச் சிப்பிப்பாறை நாய் மேல் ஆசை. அதன் ஒல்லி உடம்பும் ஓட்டமும் அப்படி. சொன்னதுமே கையை ஆட்டினார்.

"இந்தக் கொல்லையிலயா? அது ஒரு முயலைப் பாத்துச்சுன்னா சமயபுரத்துலதான் சார் போய் நிக்கும்."

"அப்போ இன்னொரு கோம்பை?"

"ஒரு வீட்ல ரெண்டு கோம்பைப் பொட்டை இருந்தா நீங்க இருக்க முடியாது."

துரை வீடுகளில் இருக்கும் சடைநாயைக் கேட்டேன். திருச்சி வெயிலுக்கு அதற்குப் பங்கா இழுக்க ஆள் போடவேண்டும் என்றார். டெரியர் என்றேன். "வீட்டம்மா வளக்கிற கோழிங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றார். சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். கடைசியில், "ராஜபாளையம். ஆண் குட்டி. கைக்குட்டியா வந்தா இவ கடிக்கமாட்டா, பிள்ளையா வளப்பா. என் வீட்லயே ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்றார். இவ்வளவு யோசித்துச் சொல்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். பாலில் தோய்த்து எடுத்தது போல முழு வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ் நிறம். மற்றக் குட்டிகளோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து அதன் பின்னாலேயே குந்தி, கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தார். என் காது அடைத்துப் போயிற்று. மற்றக் குட்டிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. வெள்ளைக் குட்டி தலையைத் தூக்கவில்லை. எல்லார் பங்குக் கஞ்சியையும் தானே குடித்தது.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்!"

"வேட்டுப் போட்டாலும் இப்படித்தான் இருப்பான்."

யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அவரே குட்டியைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். நான் அதைக் கட்டுவதற்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று என் மனைவியிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தீனி விஷயம் என்று நினைத்தேன்.

இப்போது பெரியவளாகிவிட்ட எங்கள் கோம்பை குட்டியை முகர்ந்தாள், இரண்டு நாள் விலகி இருந்தாள், மூன்றாம் நாள் அதன் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுடைய போக்கே மாறியது. சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஓடுவதில்லை. நேராகக் குட்டியிடம் போவாள். நான் கூப்பிட்டால் அவள் முதலில் எழுந்து குட்டியை மூக்கால் இடிப்பாள், பிறகு இரண்டும் சேர்ந்து வரும். என் மனைவியும் அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். சோறு வைக்கும்போது சிமெண்டுத் தரையில் காலை இரண்டு முறை ஓங்கித் தட்டுவாள். ஏன் என்று கேட்டால் எறும்பு என்பாள்.

திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. பெரியவளின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வேட்டு வெடித்தது. குட்டி அசையாமல் தூங்கியது. பெரியவள் உடம்பெல்லாம் உதறியது. ஆனால் ஓடவில்லை. என் கையை உதறிவிட்டு எழுந்து போய்க் குட்டியை அணைத்தாற்போல் படுத்தாள். கடைசி வேட்டு வரை அப்படியே கிடந்தாள். மறுநாள் ஆபீஸில் நான் அடித்த ஜம்பத்தைக் கேட்டிருக்கவேண்டும். "எங்க குட்டி அவளுக்குத் தைரியம் சொல்லிக் குடுத்துட்டான்" என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் தலைமைக் குமாஸ்தா, "பெருமாள் கிருபை" என்றார். என் சிநேகிதர் மட்டும் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரியவளைக் குளிப்பாட்ட என் மனைவி வாய்க்காலுக்குக் கூட்டிப் போயிருந்தாள். குட்டி கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அப்போதே முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கூப்பிட்டேன். கத்தினேன். கையைத் தட்டினேன். மூக்கால் இடித்து எழுப்பப் பெரியவளும் பக்கத்தில் இல்லை. காது மடல்கூட அசையவில்லை. ஏதோ ஒன்று மனசில் இடிக்க, எங்கள் வீட்டுத் தாம்பாளத்தை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் அடித்தேன். அது மூச்சுவிட்டுக்கொண்டு தூங்கியது. முதுகில் கை வைத்தேன். தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்து என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. யாரென்று பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு என் காலடியில் படுத்தது. தாம்பாளம் என் கையில் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கடித்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. பதினொரு வருஷம் என் சோற்றைத் தின்ற மனிதர், என் எதிரில் உட்கார்ந்து தாம்பாளத்தை அடித்துக் காட்டினாரே, அந்தக் கோபம். இரவு முழுக்க அந்தக் கரண்டிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் பூசை முடிந்ததும் ஜட்கா வண்டி பிடித்தேன். பெரியவளைக் கொல்லையில் கட்டிவிட்டு, குட்டியை மட்டும் வண்டியில் ஏற்றினேன். என் மனைவி வாசலில் நின்றாள். தடுக்கவில்லை.

அவர் வீட்டு முன்கட்டில் குட்டியை இறக்கிவிட்டு, கட்டுப் போட்ட கையைக் காட்டினேன்.

"இது செவிடு."

"ஆமா சார்" என்றார். அவர் மறுப்பார், நான் கத்தலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினீங்களா?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன். முழு வெள்ளையில சிலது இப்படிப் பொறக்கும். எங்க ஊரா இருந்தா தெரிஞ்ச அன்னிக்கே தண்ணித் தொட்டியில அமுக்கியிருப்பாங்க. இங்க கூடப் பொறந்ததுங்களே கடிச்சுக் கொதறுச்சு. உறுமுறது காதுல விழுந்தாத்தானே விலகிப் போகும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "உங்க வீட்டுக்கு ஒரு நாய் பாக்க நான் வரல சார். இவனுக்கு ஒரு துணை பாக்க வந்தேன். எல்லாச் சத்தமும் கேக்குற ஒருத்தி பக்கத்துல இருந்தா இவன் பொழச்சுக்குவான்னு நெனச்சேன். அவளைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். உங்களைப் பாத்து இல்ல."

இதைச் சொல்லிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டிருந்த குட்டியைக் கூப்பிடுவதற்காக, சிமெண்டுத் தரையில் காலை இரண்டு முறை ஓங்கித் தட்டினார். குட்டி திரும்பி ஓடிவந்தது.

எனக்கு அந்தத் தட்டல் தெரியும். மாதக்கணக்காக என் வீட்டுச் சமையலறை வாசலில் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

அந்த நேரத்தில்தான் வாசலில் பெரியவள் வந்து நின்றாள். பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் வழியாக, எஞ்சின் ஊதலும் பஸ் ஹார்னுமாக இருக்கும் அத்தனை தூரத்தையும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். நாக்கு தொங்கியது, காலில் ரத்தம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியிடம் போய் அதன் மேல் சாய்ந்து படுத்தாள். மதுரை ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. உடம்பு உதறியது, எழுந்திருக்கவில்லை. அவள் கழுத்துப் பட்டையில் கயிறு இல்லை. அறுந்த துண்டுகூட இல்லை. யாரோ முடிச்சை அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் தூக்கி வண்டியில் ஏற்றினேன். அவளைப் பிரித்துக் கூட்டிப்போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மறுநாள் தலைமைக் குமாஸ்தாவிடம் சொல்லி என் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். அவர் விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போகும்வரை அவரோடு நான் பேசவில்லை. போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "ரெண்டும் சௌக்கியமா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். சௌக்கியமாகத்தான் இருந்தன.

வண்டி வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பெரியவளின் காலுக்கு மஞ்சள் அரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"கொண்டுவந்து விட்ட அன்னிக்கே அவர் சொன்னாருங்க. கால் தட்டிக் கூப்பிடச் சொல்லிக் குடுத்ததும் அவர்தான்."

"கட்டினவன்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

அவள் பெரியவளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டாள்: "சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா?"

அங்கே ஒருவர், இங்கே ஒருத்தி, இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி. வைத்திருப்பேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்று காலையில்தான் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

பிறகு நானும் காலைத் தட்டிக் கூப்பிடக் கற்றுக்கொண்டேன். தட்டும்போதெல்லாம் கோபம் வரும். முன்பின் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சிநேகிதர், மனைவி, நாய் என்று மூன்று பேரும் என்னை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ஏமாற்றினார்கள்.