குமாரின் விரல்கள் ஒட்டிக்கொண்ட வாரம்

ஆழ்வார்பேட்டையில் இருந்த எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு வீடியோவின் சைஸைச் சுருக்க ஆரம்பித்தால், உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். மேலே கை வைத்தால் சுடும்...

அந்த அறையில் நான், வசந்தி, இரண்டு கம்ப்யூட்டர். எங்கள் மல்டிமீடியா கம்பெனி அவ்வளவுதான்.

காது கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு சிடி செய்துகொண்டிருந்தோம். ஒரு சொல்லை அழுத்தினால், அதற்கான சைகையைக் குமார் திரையில் செய்து காட்டுவார். குமாருக்கும் காது கேட்காது. ஆபீஸ் பின்புறம் புங்க மரத்தடியில் அவரை நிறுத்தி எல்லாச் சொல்லையும் எடுத்தோம். அடுத்த வாரமே அவர் வேலை கிடைத்து டெல்லி போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அடையாறில் ஒரு பள்ளியில் வெளியீடு. அதற்கு முன் யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று திங்கட்கிழமை எங்களுக்குத் தெரிந்த கலாவதி அக்காவை வரச் சொன்னோம். ஆற்றோரத்துக் குடியிருப்பிலிருந்து மகள் தீபாவுடன் வந்தார். தீபாவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

'வலி' என்ற சொல்லை அழுத்தினேன். தீபா பார்த்துவிட்டு அம்மாவிடம் கையை ஆட்டினாள்.

"பசின்னுது," என்றார் அக்கா.

"இல்லக்கா, அது வலி."

அக்கா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "ரெண்டும் வயித்தாண்ட கைய வெச்சித்தான் தம்பி காட்டணும். வெரலுலதான் வித்தியாசம். இதுல வெரலே தெரில, எல்லாம் ஒட்டிக்கினு கீது."

பிறகு மெதுவாகச் சொன்னார். "போன மாசம் இது வலின்னு காட்டிக்கினே இருந்துச்சி. நான் பசின்னு நென்ச்சி சோறு ஊட்டிக்கினு இருந்தேன். ரெண்டு நாளு. அப்பறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனோம். அதுக்குத்தான் நானும் ஒழுங்கா கத்துக்கலாம்னு..."

நான் 'வலி'யை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

போகும்போது அக்கா ஒன்று கேட்டார். "ஆமா, அந்தப் படத்துல பின்னாடி மரம் இன்னாத்துக்கு அப்டி கொதிக்கிற மாறி கீது?"

வசந்தி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

வீடியோ என்றால் நொடிக்கு இருபத்தைந்து படம். எல்லாவற்றையும் முழுசாக வைத்தால் சிடி தாங்காது. அதனால் சுருக்கும்போது ஒரு படம் மட்டும் முழுசாக இருக்கும். அதற்கப்புறம் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். அசையாத சுவருக்குச் செலவே இல்லை. அசையும் விரலுக்குத்தான் இடம் வேண்டும். எங்கள் வீடியோவிலோ கடற்காற்றில் ஆயிரம் இலை ஆடிக்கொண்டிருந்தது. இருந்த இடத்தையெல்லாம் இலைகள் தின்றுவிட்டன... விரல்களுக்கு மிஞ்சவில்லை.

இன்னொரு தப்பு முழுக்க என்னுடையது. ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லையென்று, டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போதே சுருக்கிவிட்டேன். மல்டிமீடியா சாஃப்ட்வேருக்குள் இம்போர்ட் செய்தபோது அது இரண்டாம் முறை சுருக்கியது. முதல் தடவை தொலைந்த விரல் இரண்டாம் தடவை எங்கிருந்து வரும்?

"ஒரிஜினல் டேப் எங்க?" என்றாள் வசந்தி.

தி.நகரில் வீடியோ எடுக்கும் பாபு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அதே டேப்பில் அடுத்த விசேஷத்தை எடுப்பது அவர் வழக்கம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அந்த டேப்பா? காலைல ஒரு சீமந்தத்துக்குத் தூக்கினு போனேனே," என்றார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடா ஆச்சி? இரு இரு. ஃபங்ஷன் மொத டேப்புலயே முடிஞ்சி போச்சி. உன்னுது பையிலதான் கீது, தொடவே இல்ல."

அந்த டேப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாண்டி பஜார் நெரிசலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த முறை சுருக்காமல் ஏற்றினோம். டிஸ்க் தாங்காது, ஆகவே பத்துப் பத்துச் சொல்லாக. வசந்தி ஒவ்வொரு வீடியோவிலும் குமாரைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னால் இருந்த மரத்துக்குப் பதில் அதே மரத்தின் அசையாத படம் ஒன்றை வைத்தாள். கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டும் சுருக்கினோம். மூன்று நாள் வேலை. என் கண்ணெல்லாம் புங்க இலை.

வியாழக்கிழமை சாயங்காலம் தீபா மறுபடி வந்து உட்கார்ந்தாள். 'வலி'யை அழுத்தினேன். அவள் முகத்தைச் சுளித்து, விரல்களை மடக்கி வயிற்றருகே வைத்து அம்மாவுக்குக் காட்டினாள். அக்கா அதையே தானும் செய்து பார்த்தார்.

"வலின்னுது தம்பி. நல்லாத் தெரியுது."

வசந்தி எழுந்தாள். கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தாள்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்போது யாரும் இதையெல்லாம் யோசிப்பதில்லை. எத்தனை தடவை சுருக்குவது, எங்கே இடம் மிச்சம் பிடிப்பது, எல்லாம் போனே பார்த்துக்கொள்கிறது. எனக்கு அதில் நிம்மதிதான்... வசந்தியோடு உட்கார்ந்து கோடு போட்ட அந்த மூன்று நாள்தான் எப்போதாவது நினைப்பில் வரும்.

போன வாரம் மயிலாப்பூர் பஸ் ஸ்டாப்பில் கலாவதி அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கையில் போன். திரையில் தீபா, பெருங்குடி ஆபீஸிலிருந்து, இரண்டு கையாலும் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு கையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் குனிந்து தீபாவின் விரல்களைத் தேடினேன்.

"டவர் இல்ல தம்பி. இரு, வரும்," என்றார் அக்கா.

வந்தது. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.